ஆயா பனியைத் தொட வேண்டும், பேத்தி பனியில் சறுக்க வேண்டும்: எங்கே தங்குவது, எப்படிப் போவது?

வல்லத்தில் ‘பனி’ என்றால் மார்கழி விடியலில் மல்லாட்டைக் கொல்லையின் மேல் இறங்குவது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பால் கறக்கப் போகிறவர்களுக்கு அது பழகிய குளிர். எட்டு மணி வெயில் வந்தால் போன இடம் தெரியாது. கைப்பேசியில் குல்மார்க்கையும் மணாலியையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கோ ‘பனி’ என்றால் வேறு. முழங்கால் வரை புதையும் வெள்ளை, காலில் இரண்டு நீளப் பலகை, கையில் இரண்டு கோல். “ஒரு தடவை பனிச்சறுக்கு போகலாம்ப்பா” என்ற பேச்சு இப்போது திண்டிவனம், செஞ்சி பக்கத்து வீடுகளிலும் எழுகிறது.

அப்படி ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்க்கலாம். ஊர், தஞ்சாவூர் வல்லம் அல்ல. செஞ்சிப் பக்கத்து வல்லம். அப்பா விவசாயி. அம்மா வீட்டையும் இரண்டு மாட்டையும் பார்த்துக்கொள்கிறவர். மகள் கல்லூரியில், மகன் எட்டாம் வகுப்பில். கூடவே எழுபதைத் தொட்ட ஆயா. மல்லாட்டை விற்ற காசில் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்னொரு தடவை போக வாய்ப்பில்லை. அதனால் போகும் ஒரு தடவை வீணாகக் கூடாது.

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் தலைகீழாகத் தொடங்குகின்றன. முதலில் மலிவாகக் கிடைக்கும் டிக்கெட்டைப் போடுகிறார்கள். பிறகு மலிவான அறையைப் பிடிக்கிறார்கள். போய் இறங்கிய பிறகுதான், அறைக்கும் பனிக்கும் நடுவில் இருக்கும் தூரம் தெரிகிறது. பனிச்சறுக்குப் பயணத்தில் 3,000 கிலோமீட்டரைவிடக் கடைசிப் பதின்மூன்று கிலோமீட்டர்தான் செலவையும் களைப்பையும் முடிவு செய்கிறது.

யாருக்கு என்ன வேண்டும்?

டிக்கெட் பார்ப்பதற்கு முன் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டுவிட வேண்டும். “பனியைக் கையில அள்ளிப் பாத்தா போதும்டா, வேறென்ன” என்பார் ஆயா. அதற்கு ஒரு பகல் போதும். மகளுக்குப் போட்டோ மட்டும் போதாது. சறுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு நாள் பற்றாது. முதல் நாள் பலகையை மாட்டிக்கொண்டு நிற்கவும், விழுந்தால் எழவும், பலகைகளின் முன்முனையைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைக்கவும் பழகுவதிலேயே போய்விடும். திரும்பவும் நிறுத்தவும் தைரியம் வர மூன்று, நான்கு நாள் பயிற்சி தேவை.

ஆக இது ஒரே பயணத்துக்குள் இரண்டு பயணம். இரண்டுக்கும் பொருந்தும் ஊரும் அறையும் வேண்டும்.

மூன்று இடம், தொட்டபெட்டா உயரம்

இந்தியாவில் புதியவர்கள் பனிச்சறுக்குக்குப் போகும் இடங்களில் முக்கியமானவை மூன்று: காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் அவுலி, இமாச்சலில் மணாலிக்கு மேலே இருக்கும் சோலாங்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் முதலில் பயப்படுவது உயரத்துக்கு. ஊட்டி தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர். சோலாங்கும் அவுலியின் கீழ்ப்பகுதியும் 2,500 மீட்டரை ஒட்டியவை. ஆயா தொட்டபெட்டாவில் மூச்சு வாங்காமல் நின்றிருந்தால், குல்மார்க் உயரம் அவருக்குப் புதிது அல்ல. தொட்டபெட்டாவில் இல்லாத பனி அங்கே கொட்டுவதற்குக் காரணம், குல்மார்க் வடக்கே வெகு தொலைவில் இருப்பதுதான்.

ஆனால் தொட்டபெட்டாவில் இருந்தது அரை மணி நேரம். இங்கே இரவில் தூங்க வேண்டும். 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்குத் தலைவலியும் குமட்டலும் வரலாம். ரத்த அழுத்தம், இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் டிக்கெட் போடும் முன் மருத்துவரைக் கேட்பது நல்லது. ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு மேலே ஏறினால் உடம்பு பழகும்.

குல்மார்க்கின் கோண்டோலா ரோப்கார் இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதல் கட்டம் கொங்தூரி வரை, சுமார் 3,000 மீட்டர். இரண்டாம் கட்டம் அபர்வாட் மலையில், 4,000 மீட்டரை நெருங்கும் இடம் வரை. ஆயாவுக்கு முதல் கட்டமே தாராளம். மகளும் இரண்டாம் கட்டத்துக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. அந்தச் சரிவு கை தேர்ந்தவர்களுக்கானது. 2023, 2024 பிப்ரவரி மாதங்களில் அந்த மலையில் பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் இறந்திருக்கிறார்கள். புதியவர்கள் பழகும் மெல்லிய சரிவுகள் கீழே, கோல்ஃப் மைதானப் பக்கத்திலேயே இருக்கின்றன.

கடைசி 13 கிலோமீட்டர்

ஸ்ரீநகரிலிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். முக்கால் தூரம் சமவெளி. தங்மார்க் என்ற ஊர் வந்ததும் மலைச்சாலை தொடங்குகிறது. அங்கிருந்து குல்மார்க் 13 கிலோமீட்டர். பனி கொட்டிய நாளில் டயரில் சங்கிலி கட்டிய வண்டியையோ, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியையோ மட்டுமே மேலே விடுவார்கள். ஸ்ரீநகரில் பேசிய டாக்ஸி தங்மார்க்கில் நின்றுவிட்டால், இன்னொரு வண்டிக்கு இன்னொரு வாடகை.

அவுலிக்குப் போக ஜோஷிமட் வரை சாலை. அந்த ஊருக்கு இப்போது ஜோதிர்மட் என்று பெயர். அங்கிருந்து அவுலிக்கு நான்கு கிலோமீட்டர் நீள ரோப்வே இருந்தது. 2023 ஜனவரியில் ஊரே மண்ணில் புதையத் தொடங்கி நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டபோது ரோப்வே நிறுத்தப்பட்டது. அது ஓடாத வரை வளைந்து ஏறும் சாலைதான் வழி. ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட்டே சுமார் 250 கிலோமீட்டர். ஒரு முழுப் பகல் மலைச்சாலைப் பயணம். ஆயாவின் இடுப்புக்கு அது கடினம். ஆனால் மகள் தோழிகளோடு கற்றுக்கொள்ளப் போவதாக இருந்தால் அவுலி மிக நல்ல இடம். கர்வால் மண்டல் விகாஸ் நிகம் என்ற அரசு நிறுவனம் அங்கே 7 நாள், 14 நாள் பயிற்சிகளை நடத்துகிறது.

சோலாங் மணாலியிலிருந்து 13 கிலோமீட்டர்தான். டெல்லியிலிருந்து மணாலிக்கு இரவு பஸ் இருக்கிறது. ஏறத்தாழ 530 கிலோமீட்டர். மூன்றில் செலவு குறைந்த வழி இது. 1992-ல் வந்த ‘ரோஜா’ படத்தில் தமிழர்கள் காஷ்மீர் என்று பார்த்ததில் பெரும்பகுதி மணாலிப் பக்கம்தான். பனி விழுந்த வார இறுதிகளில் அந்தப் பதின்மூன்று கிலோமீட்டரும் வண்டி மேல் வண்டியாக நிற்கும் என்பதுதான் குறை. சோலாங்கில் பனி இல்லாவிட்டால், 2020-ல் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையைக் கடந்து லாஹுல் பக்கம் போனால் பெரும்பாலும் பனி கிடைக்கும். தொட்டுப் பார்க்க அது போதும்.

இந்தக் கடைசித் தூரம் பணக்கார நாடுகளிலும் உண்டு. சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊருக்குள் பெட்ரோல் கார்களுக்கு அனுமதி இல்லை. ஐந்து கிலோமீட்டர் முன்னால் டேஷ் என்ற ஊரில் காரை நிறுத்திவிட்டு ரயிலில்தான் போக வேண்டும். அங்கும் மலிவான அறை கீழே, பனி மேலே.

எங்கே தங்குவது?

குல்மார்க் என்று முடிவு செய்த குடும்பத்துக்கு மூன்று வழி இருக்கிறது: ஸ்ரீநகரில் தங்கித் தினமும் போய்வருவது, தங்மார்க்கில் தங்குவது, குல்மார்க்கிலேயே தங்குவது.

ஸ்ரீநகரில் அறை வாடகை குறைவு. சாப்பாட்டுக்கும் பல வழி உண்டு. ஒரே ஒரு பகல் பனி பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் சரி. மகள் நான்கு நாள் பழக வேண்டும் என்றால் கணக்கு மாறுகிறது. போக 50, வர 50 என்று நான்கு நாளுக்கு 400 கிலோமீட்டர் டாக்ஸி. ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தாலும் வண்டிக்குள்ளேயே பதினாறு மணி நேரம். இதில் தங்மார்க் வண்டி மாற்றமும் சேரும். மேலேயே தங்கினால் ஏற ஒரு தடவை, இறங்க ஒரு தடவை: 100 கிலோமீட்டர், நான்கு மணி நேரம். பதிவுத் தளத்தில் இரண்டு அறை வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேலே இருப்பது விலை கூடுதலாகத் தெரியும். டாக்ஸியைச் சேர்த்துக் கூட்டினால் அந்த வித்தியாசம் வெகுவாகச் சுருங்கிவிடும்.

ஆயாவுக்கும் மேலே தங்குவதே நல்லது. தினமும் வழுக்கும் சாலையில் ஏறி இறங்குவது குளிரைவிட அவரை அதிகம் களைப்பாக்கும். குல்மார்க்கில் அறை என்றால், பேத்தி பழகப் போன நேரத்தில் வாசலில் நின்று பனியை அள்ளலாம். குளிர்ந்தால் உள்ளே வந்துவிடலாம்.

தங்மார்க் நடுவழி. குல்மார்க்கில் அறை கிடைக்காதபோதும், கையில் காசு குறைவாக இருக்கும்போதும் அங்கே தங்கலாம். மேலே போகும் உள்ளூர் வண்டிகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகச் சறுக்கிய ஒரே வீரர் ஆரிஃப் கான் தங்மார்க் பக்கத்துக்காரர். அந்த ஊரில் பனிச்சறுக்கு பலருக்குப் பிழைப்பு.

பயிற்சிக்கு, மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் குல்மார்க்கில் இருக்கிறது. அதன் வகுப்பில் இடம் கிடைத்தால் மகளின் தேதி முதலில் முடிவாகும். மற்றதை அதைச் சுற்றி அமைக்கலாம். தனியார் பயிற்சியாளர் என்றால், மணிக்கணக்கா நாள்கணக்கா, பலகையும் பூட்ஸும் ஹெல்மெட்டும் கட்டணத்தில் சேர்த்தியா என்று முன்னதாகவே பேசிவிட வேண்டும்.

எப்படிப் போவது?

வல்லத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. டெல்லி ரயிலைப் பிடிக்கச் சென்னை வரை போக வேண்டியதில்லை. மதுரையிலிருந்து வரும் தமிழ்நாடு சம்பர்க் கிராந்தி, கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் இரண்டும் விழுப்புரம் வழியாக டெல்லி ஹஸ்ரத் நிஜாமுதீனுக்குப் போகின்றன. இரண்டும் தினசரி ரயில் அல்ல. ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கும். மூத்தவருக்குக் கீழ்ப்படுக்கை வேண்டும் என்பதைப் பதிவு செய்யும்போதே குறிப்பிட வேண்டும்.

டெல்லிக்கு அப்பால் 2025 ஜூன் 6 அன்று பெரிய மாற்றம் வந்தது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ரயில் தொடங்கிவைக்கப்பட்டது. ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் செனாப் பாலத்தைக் கடந்து சுமார் மூன்று மணி நேரத்தில் ஸ்ரீநகர் போகிறது. முன்பு ஜம்முவிலிருந்து மலைச்சாலைதான் வழி. பனியிலும் மண்சரிவிலும் அது அடிக்கடி மூடப்படும். அந்தச் சாலைக்குப் பயந்து ஆயாவை விட்டுவிட்டுப் போன குடும்பங்கள் இனி அவரையும் ரயிலில் அழைத்துப் போகலாம். சென்னை சென்ட்ரலிலிருந்து கட்ராவுக்கே நேராகப் போகும் அந்தமான் எக்ஸ்பிரஸும் உண்டு. வண்டி மாறத் தேவையில்லை. ஆனால் இரண்டு நாளுக்கு மேல் ரயிலிலேயே இருக்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் வட இந்திய மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். பிப்ரவரித் தொடக்கத்திலும் அது முழுதாக விலகியிருக்காது. நிஜாமுதீனில் மாலை இறங்கி அன்று இரவே வேறு நிலையத்தில் அடுத்த ரயில் என்று திட்டம் போட்டால், ஒன்று தவறும்போது எல்லாம் தவறும். டெல்லியில் ஓர் இரவு தங்குவது ஆடம்பரம் அல்ல.

விமானம் என்றால் திண்டிவனத்திலிருந்து சென்னை நகருக்குள் போக வேண்டியதே இல்லை. ரயிலில் தாம்பரம் இறங்கி, புறநகர் ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரே விமான நிலையம். ஐந்து பேருக்கும் இரு வழியும் விமானம் என்றால் கை கடிக்கும். போகும்போது ரயில், வரும்போது விமானம் என்பது நல்ல சமரசம். போகும்போது உற்சாகம் இருக்கும். திரும்பும்போது களைப்பு இருக்கும், வீட்டில் மாடும் காத்திருக்கும். மாட்டைப் பார்த்துக்கொள்ள அக்கம்பக்கத்தில் யாரைக் கேட்பது, எத்தனை நாளுக்குக் கேட்பது என்பதும் திட்டத்தில் அடக்கம்.

பத்து நாள் கணக்கு இப்படி வரும். முதல் இரண்டு நாள் ரயில். மூன்றாம் நாள் டெல்லியில் ஓய்வு. நான்காம் நாள் கட்ரா. ஐந்தாம் நாள் ஸ்ரீநகர். ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று இரவும் குல்மார்க். மகளுக்கு இரண்டு முழு நாளும் இரண்டு அரை நாளும் பயிற்சி கிடைக்கும். ஒன்பதாம் நாள் ஸ்ரீநகர். பத்தாம் நாள் விமானம்.

அந்த ஒன்பதாம் நாளைச் செலவு என்று வெட்டிவிடக் கூடாது. பனி கொட்டினால் குல்மார்க் சாலையும் மூடப்படும், ஸ்ரீநகர் விமானமும் ரத்தாகும். இறங்கிய அன்றே விமானம் என்று வைத்துக்கொண்டவர்கள் டிக்கெட்டை இழந்து, அன்றைய விலையில் ஐந்து பேருக்குப் புது டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும்.

எப்போது?

பள்ளி விடுமுறைக்குப் பனி காத்திருக்காது. காஷ்மீரில் கடுங்குளிர் காலமான ‘சில்லா-இ-கலான்’ டிசம்பர் 21 தொடங்கி 40 நாள். அரையாண்டு விடுமுறையில் போனால் குளிர் இருக்கும். பனி இல்லாமலும் போகலாம். 2024 ஜனவரியில் பெரும்பகுதி நாட்கள் குல்மார்க்கே பழுப்புப் புல்லாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் போட்டிகளும் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின.

பொங்கலுக்கு விவசாயக் குடும்பம் வீட்டை விட்டுக் கிளம்பாது. மாட்டுப் பொங்கல் முடிந்தாக வேண்டும். குடியரசு தினத்தை ஒட்டி டெல்லியிலும் காஷ்மீரிலும் கெடுபிடி அதிகம். ஆக, பிப்ரவரி முதல் பாதி பொருந்துகிறது. மகன் சில நாள் பள்ளி விடுப்பு எடுக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் அது முடியும். பத்தாம் வகுப்பில் முடியாது.

முன்பணம் அனுப்பும் முன்

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு காஷ்மீரின் பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டுப் படிப்படியாகத் திறந்தன. அதனால் காஷ்மீருக்குப் போகவே கூடாது என்பதல்ல. ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையையும் டிக்கெட்டையும் எடுக்க வேண்டும் என்பதுதான் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. கிளம்பும் முன் நிலவரம் பார்த்து, வேண்டாம் என்று தோன்றினால் மணாலிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

அறை பதிவுக்கு முன் போனில் நான்கு கேள்வி கேட்டுவிட வேண்டும். பனி நாளில் வண்டி வாசல் வரை வருமா, இல்லை ஆயா நடக்க வேண்டுமா? அறையில் சூடு எதனால்: மின்சாரமா, விறகு, கரி எரியும் புகாரி அடுப்பா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம்? சாலை மூடி வர முடியாமல் போனால் பணம் திரும்புமா? கரி அடுப்பு என்றால் காற்று போகும் வழி இருக்கிறதா என்று பார்க்காமல் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு தூங்கக் கூடாது. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

கைப்பேசியிலேயே எல்லாம் இருக்கிறது என்று நம்பிப் போகிறவர்களுக்கு ஒன்று. வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுதான் வேலை செய்யும். வீட்டில் ஒருவராவது முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டும். அறைப் பதிவு, ரயில் டிக்கெட், இணையத்தில் எடுத்த கோண்டோலா டிக்கெட் எல்லாவற்றையும் தாளில் அச்செடுத்து, எல்லாருடைய அசல் ஆதாரோடும் அம்மாவின் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது.

வழக்கமான பயணக் காப்பீடு பல நேரம் பனிச்சறுக்குக் காயத்துக்குப் பொருந்தாது. சாகச விளையாட்டு அடங்குமா என்று கேட்டு, மகளுக்கு மட்டுமாவது அப்படி ஒன்றை எடுத்துவிட வேண்டும். கம்பளிக் கோட்டும் பூட்ஸும் தங்மார்க்கிலேயே வாடகைக்குக் கிடைக்கும். இங்கிருந்து பெட்டி நிறையச் சுமக்க வேண்டாம். ஆயாவின் மாத்திரைகளை மட்டும் பத்து நாளுக்கு அல்ல, பதினைந்து நாளுக்கு வாங்கி வைக்க வேண்டும். சாலை மூடிய நாளில் மருந்துக் கடை 13 கிலோமீட்டர் கீழே இருக்கலாம்.